தினேஷுக்குப் போட்ட இலை

வியாழக்கிழமை காலை திருச்சியில் விமானம் ஏறினேன். கோலாலம்பூருக்கு நாலு மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. பெட்டியில் அக்கா கேட்ட நல்லெண்ணெயும் வெங்காய வடகமும் இருந்தன. கருவாடும் கேட்டிருந்தாள். சுங்கத்தில் எடுத்துக்கொண்டுவிடுவார்கள் என்று அதை மட்டும் விட்டுவிட்டேன்.

போன காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா சரோஜா கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது. அவளுடைய ஒரே பிள்ளை தினேஷ். போன வருஷம் டெங்கிக் காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்குள் போய்விட்டான். இருபத்தேழு வயது. சனிக்கிழமை அவனுக்கு வருஷப் படையல்.

இன்னொரு காரியமும் இருந்தது. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவன் என்னை வீடியோவில் கூப்பிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டினான். "மாமா, இவதான் ஜெசிந்தா. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தொறக்காதீங்கலா." கடைசியில் 'லா' சேர்ப்பது அந்த ஊர்ப் பேச்சு வழக்கு. சொல்வதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. போன மாதம் அந்தப் பெண் எனக்கு எழுதியிருந்தாள். படையல் இலையில் தன் கையாலும் ஏதாவது வைக்க வேண்டுமாம். அக்காவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று.

விமான நிலையத்திலிருந்து கிள்ளான் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு எண்பது ரிங்கிட். நம் பணத்துக்கு ஆயிரத்து அறுநூறுக்கு மேல். ஓட்டுநர் தமிழர்.

"ஊர்லேர்ந்து வரீங்களாண்ணே? பத்துமலையெல்லாம் பார்க்கவா?"

"அக்கா மகனுக்கு வருஷப் படையல்."

"என்ன வயசு?"

சொன்னேன். அவர் ரேடியோவை அணைத்தார். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் வந்து போய்க்கொண்டே இருந்தன. நெடுந்தூரம் போன பிறகு தானாகப் பேசினார். "எம் பெரியவனுக்கு இருபத்தஞ்சுண்ணே. வீட்டுக்குப் போனா அவன ஏசுறதுதான் எனக்கு வேல. இன்னிக்கு லீவு உட்டுர்றேன்."

அக்காவின் வீடு ஒரு தாமானில் இருக்கிறது. ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் குடியிருப்பை அங்கே தாமான் என்பார்கள். இரும்புக் கேட், கார் நிறுத்த இடம், அப்புறம் வாசல். தினேஷின் மோட்டார் சைக்கிள் அங்கேயே துணி மூடி நின்றது. துணியில் ஒரு தூசி இல்லை. அத்தான் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர், பேச்சுக் குறைவு. அக்கா என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். "எளச்சிட்டியேடா" என்று மட்டும் சொல்லிச் சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தாவைப் பார்க்க ரயிலில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குப் போனேன். படையலுக்கு வேட்டியும் சட்டையும் வாங்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டேன், அதுவும் பொய்யில்லை. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள். நிலையத்தை விட்டு வெளியே வந்து தெருவைக் கடந்தால் மல்லிகைப்பூ வாசம். புடவைக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கின்றன. தலைக்கு மேல் மோனோரயில் போகாமல் இருந்தால் நம் புதுக்கோட்டைக் கடைத்தெரு என்றே சொல்லிவிடலாம்.

ஜெசிந்தா அங்கே ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறாள். தினேஷுக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். சாப்பாடு பதினான்கு ரிங்கிட். இரண்டு பேரும் பாதி வீணாக்கினோம்.

"அடக்கத்துக்கு வந்திருந்தேன் அங்கிள். ஆபீஸ் ஆளுங்களோட பின்னால நின்னேன். அவங்க எவ்வளவு அழுதாங்களோ, அவ்வளவுதான் நானும் அழுதேன். அதுக்கு மேல அழுதா யாருன்னு கேப்பாங்க."

தண்ணீரைக் குடித்தேன்.

"நான் சர்ச்சுக்குப் போறவ. இலையில வைக்கலாமா? ஆன்டி ஏதும் நெனப்பாங்களா?"

"என்ன வைக்கணும்னு இருக்கம்மா?"

"பூத்து மாயம்."

நம் இடியாப்பத்துக்கு அங்கே அந்தப் பெயர். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும் தூவித் தாளில் மடித்துத் தருகிறார்கள், நாலு ரிங்கிட். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் தெருவோரத்தில் நின்று தின்பார்களாம். அவன் தன் பங்கைத் தின்றுவிட்டு இவளுடையதிலும் கை வைப்பானாம்.

"எங்கக்கா நண்டு வைக்கும். அதுதான் அவனுக்குப் பிடிக்கும்னு சொல்லும்" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நண்டு சாப்பிட்டா அவருக்குக் கழுத்தெல்லாம் அரிக்கும் அங்கிள். சின்னப்போ ஒத்துக்கிச்சாம், பெரிசான பொறவுதான் இப்படி. ஞாயித்துக்கிழமைதான் வீட்டுல நண்டு, அன்னிக்குக் காலையிலேயே அரிப்பு மாத்திரை ஒண்ணப் போட்டுக்குவாரு. ஏன் இப்படின்னு கேட்டா, 'நண்டு உடைக்கிற அன்னிக்குத்தான் எங்கம்மா பாட்டுப் பாடும்'னு சொல்வாரு."

என் மகள் கல்யாணத்துக்கு அவன் அறந்தாங்கி வந்திருந்தது நினைவுக்கு வந்தது. கடைசிப் பந்திவரை வாளியைக் கீழே வைக்காமல் பரிமாறினான். நீ சாப்பிடடா என்றேன். "பசி நமக்குத் தெரிஞ்ச ஆளுதான் மாமா, சொன்னாக் கேட்டுக்கும்" என்றான். அப்படிப்பட்ட பிள்ளை.

மாத்திரை விஷயத்தை நான் அக்காவிடம் அங்கே இருந்தவரை சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு போனில் சொன்னேன். கேட்டுவிட்டு "கள்ளப் பய" என்றாள். அவள் சரி என்ற பிறகுதான் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கிள்ளான் திரும்பியபோது அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். மெதுவாக ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னேன். அக்காவின் கை நிற்கவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அவன் இருந்தப்பவே. வீடியோவுல காட்டினான்."

"ஒங்கிட்டச் சொல்லியிருக்கான். எங்கிட்டச் சொல்லல."

"சொல்லத்தான் இருந்தான்க்கா. நேரம் இல்லாமப் போச்சு."

"என்ன வைக்கப் போறாளாம்?"

"இடியாப்பம்."

வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இடியாப்பமா? வீட்டுல செஞ்சா தட்டத் தள்ளி வச்சிருவான். வாயில வைக்க மாட்டான். இந்தப் பொண்ணு வேற யாரையோ சொல்லுதுடா. எம் புள்ளைய இவளுக்குத் தெரியாது."

நண்டு விஷயம் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் ஜெசிந்தா ஜெயித்துவிடுவாள். அக்காவுக்கு இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.

படுக்கப் போகும்போது அக்கா சொன்னாள். "வந்தா வரட்டும். வீடு தேடி வர்றவள வேணாம்னு சொல்ல மாட்டேன். சாப்பிட்டுட்டுப் போகட்டும். எலையில வைக்கிறது வேற பேச்சு." வரலாம் என்று மட்டும் ஜெசிந்தாவுக்கு எழுதினேன்.

சனிக்கிழமை விடிந்ததும் அத்தானோடு பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் போய் நண்டு வாங்கினேன். கிலோ நாற்பத்தைந்து ரிங்கிட். சீனக் கடைக்காரர் அத்தானிடம் மலாயில் ஏதோ சொல்லி இரண்டு நண்டைக் கூடுதலாகப் போட்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "பையன் எங்கன்னு போன வருஷம் கேட்டான். சொன்னேன். அதுலேர்ந்து இப்படித்தான்" என்றார் அத்தான். அவர் அந்த நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அக்கா நண்டை உடைத்தாள். பாட்டுப் பாடவில்லை.

மத்தியானம் தினேஷின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டோம். சோறு, நண்டுக் குழம்பு, வறுத்த கோழி, வடை, குளிர்ந்த மைலோ சாக்லேட் பானம் ஒரு கிளாஸ், புது வேட்டி சட்டை. எல்லாம் வைத்தாகிவிட்டது. கற்பூரம் ஏற்றவில்லை. அக்கா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு வெளியே ஜெசிந்தா நின்றாள். எப்போது வந்தாளோ. வெள்ளைச் சுடிதார், கையில் தாள் பொட்டலம். யாராவது கூப்பிட வேண்டும் என்று நிற்பவள்போல் இல்லை. கூப்பிடாவிட்டாலும் நிற்பவள்போல் இருந்தாள். நான் எழுந்தேன். அக்கா என்னைக் கையமர்த்திவிட்டுத் தானே போனாள்.

கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினாள்.

"எம் புள்ளைக்கு நண்டுன்னா உசுரு. தெரியுமா ஒனக்கு?"

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டாரு ஆன்டி. என் பர்த்டே ஒரு ஞாயித்துக்கிழமை வந்துச்சு. அன்னிக்கும் வரல. 'அம்மா நண்டு வச்சிருப்பாங்க, நான் போணும்லா'ன்னு போயிட்டாரு. நான் ஒரு வாரம் பேசல."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போன வருஷத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தாவும் அழுதாள். இந்த முறை யாருக்காகவும் அளவு பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

"உள்ள வா" என்றாள் அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "செருப்ப அங்கனயே போடு. கை கால் அலம்பிக்க."

ஜெசிந்தா இலைக்கு முன்னால் மண்டியிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். எங்கே வைப்பது என்று கை தயங்கியது. அக்கா நண்டுக் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

கற்பூரம் காட்டியதும் எல்லோரும் வெளியே வந்தோம். அத்தான் கதவைச் சாத்தினார். போனவர்கள் வந்து சாப்பிடும்போது நாம் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது வழக்கம். நம் ஊரிலும் உண்டு. ஒரு ஐந்து நிமிடம் போனதும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவோம்.

வெயில் கொளுத்தியது. மோட்டார் சைக்கிள் பக்கத்தில் அக்காவும் ஜெசிந்தாவும் நின்றார்கள்.

"தேங்காப்பூ போட்டியா?" அக்கா கேட்டாள்.

"போட்டேன் ஆன்டி. சீனியும் நெறையப் போட்டேன்."

"நான் செஞ்சா தொட மாட்டான். ஒங்கூட நின்னுதான் தின்னுருக்கான்."

அக்கா அவள் தோளில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினார்.

"இருங்க" என்றாள் அக்கா. "இன்னிக்கு ரெண்டு பேரு வச்சிருக்கோம். மெதுவாச் சாப்பிடட்டும்."