பள்ளிவாசல் மைக்கில் முதலாம் வகுப்பு

கொரோனா வந்து நாடே கதவை அடைத்துக்கொண்ட அந்த முதல் வருடத்தில், நான் கற்பிட்டிப் பக்கம் கடல்நீர்க் களப்போரமாக உள்ள ஒரு சின்ன முஸ்லிம் பாடசாலையில் முதலாம் வகுப்பு படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் உடப்பு. கிழமை நாட்களில் பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் இருப்பேன். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறினால் இரவுச் சாப்பாடு வீட்டில். ஊரடங்கு வந்த வேகத்தில் பஸ்ஸும் நின்றது, நானும் அங்கேயே நின்றுவிட்டேன். அப்படித்தான், கோவில் மணிச் சத்தத்தில் வளர்ந்த நான் அந்த வருடத்து நோன்பு மாதத்தை ஒரு முஸ்லிம் ஊரில் கழித்தேன். பின்னேரமானால் நோன்புக் கஞ்சி என் அறை வாசலுக்கு வந்துவிடும். தனியாகக் கிடந்து மெலிந்து போவேன் என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். நான் வயிறு வைத்துத்தான் திரும்பிப் போனேன்.

முதலாம் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தை மாதம் வந்து சேர்ந்த பிள்ளைகள். அழாமல் இருக்கப் பழகி, பென்சில் பிடிக்கப் பழகி, எழுத்துக்கு வாய் திறக்கிற நேரத்தில் பாடசாலைக்குப் பூட்டு விழுந்தது. அவர்களில் ஒரு பிள்ளை மட்டும் வாயே திறக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டால் கையை உயர்த்துவாள், அவ்வளவுதான். புத்தகப் பையைக் கூட முதுகிலிருந்து கழற்ற மாட்டாள். மணி அடித்தவுடன் ஓடுவதற்கு ஆயத்தமாக, பையோடேயே கதிரை நுனியில் இருப்பாள். அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பூட்டு விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு அவளுடைய உம்மா என்னைத் தேடி வந்தார்.

"வீட்டில கதைப்பா சேர். எனக்கிட்டயும் கோழிகள்ட்டயும் மட்டும்தான்" என்றார். "இங்க மத்தப் புள்ளைகள் ஊமை எண்டு பகடி பண்ணுறாங்களாம். வந்து அழுறா. இனி நான் வீட்டிலயே வெச்சிக்கொள்றன்."

பிள்ளையின் வாப்பா நெடுநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அந்தத் தாய்க்குக் கேட்டு முடிவெடுக்கவும் பக்கத்தில் ஆளில்லை.

"பெருநாள் வரைக்கும் எனக்கு விடுங்கோ. அதுக்குப் பிறகு உங்கட விருப்பம்" என்றேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார். நான் கேட்டு வாங்கிய அவகாசம் தொடங்குவதற்குள் பாடசாலையை மூடிவிட்டார்கள்.

வட்ஸ்அப்பில் படிப்பியுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். சொல்வது சுலபம். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட் போன் என்று ஒன்று இருந்தால் அது வாப்பாவின் போன். ஊரடங்கிலும் மீன்பிடிக்கு அனுமதி இருந்ததால், நான் காலையில் அனுப்பிய பாடம் வாப்பாவின் சட்டைப் பையில் கடலுக்குப் போகும். பற்றரி செத்து, மீன் வாடையோடு வீடு திரும்பும். ஒரு நாள் 'ஆட்டுக்கு எத்தனை கால்' என்று கேட்டு அனுப்பினேன். நடுக்கடலிலிருந்து ஒரு தகப்பன் கட்டை விரலை உயர்த்திக் காட்டும் படம் அனுப்பினார். வாய் திறக்காத பிள்ளையின் வீட்டில் அந்த வசதியும் இல்லை. பட்டன் போன் ஒன்றுதான் இருந்தது. தொலைக்காட்சியிலும் பாடம் போட்டார்கள். நல்ல பாடம்தான், ஆனால் பேசியவர் மூச்சு விடாமல் பேசினார். பிள்ளை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் பின்னேரம் அறையில் சும்மா படுத்திருந்தேன். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. இந்த ஊரில் ஒரு வீடு விடாமல் உள்ளே போகிற குரல் இது ஒன்றுதான். இதற்குப் போனும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

பள்ளிவாசல் தலைவர் ஒரு ஹாஜியார். படகுகள் வைத்திருப்பவர், அளந்து பேசுகிறவர். அவரிடம் போய், அஸருக்குப் பிறகு கொஞ்ச நேரம் மைக்கைத் தருவீர்களா, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். வகுப்பில் கதைக்காத அந்தப் பிள்ளையைப் பற்றியும் சொன்னேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே விளங்கியது. வேறு மதத்து ஆள், வேற்றூர்க்காரன், நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் மைக்கைக் கேட்கிறேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"புள்ளைகளுக்குப் படிச்சிக் குடுத்தா அல்லாஹ் கோவிக்க மாட்டான்" என்றார். "ஊராக்கள் கோவிப்பாங்க. அத நான் பாத்துக்கொள்றன். நீங்க காலக் கழுவிட்டு வாங்க சேர்."

என்ன மாதிரிப் படிப்பிப்பது என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. எங்கள் ஊரில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடுவார்கள். ஒருவர் முன்னுக்கு ஒரு அடி பாடுவார், கயிறு பிடித்திருக்கிற எல்லோரும் சேர்ந்து பதில் அடி பாடி இழுப்பார்கள். முன்னுக்குப் பாடுகிறவர் எவ்வளவு பெரிய குரல்காரராக இருந்தாலும், பதிலுக்கு இடம் விடாவிட்டால் வலை ஒரு சாண் கூட நகராது. லீவு நாட்களில் நானும் கயிறு பிடித்தவன், அந்த இடைவெளியின் அளவு உடம்பில் ஊறியிருந்தது. அதேபோல நான் ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துவேன், பிள்ளை அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். பிறகு நான் ஒரு சொல்லைச் சொல்லி அடுத்த எழுத்துக்குப் போவேன்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் நடுக்கம். மைக்கைப் போட்டு இரண்டு தட்டுத் தட்டித் தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான். வெளியில் கதவுகள் திறக்கிற சத்தம், ஆட்கள் ஓடுகிற சத்தம். தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் பள்ளிவாசல் மைக் திறந்தால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம். யாரோ மௌத்தாகிவிட்டார்கள், அந்தச் சாவை அறிவிக்கப் போகிறார்கள். அதுவும் கொரோனாக் காலத்தில். இது உடப்பிலிருந்து வந்த எனக்கு எப்படித் தெரியும்? ஹாஜியாரோ ஊர் ஆட்களைச் சமாளிப்பதைப் பற்றி யோசித்தாரே தவிர, அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதை மறந்துவிட்டார்.

முதலில் ஓடி வந்து வாசல் கம்பியைப் பிடித்தவர் வாய் திறக்காத பிள்ளையின் உம்மா. மறு கையில் அவளைப் பிடித்திருந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. வாயால் கேட்கவும் முடியாமல் ஹாஜியாரைப் பார்த்தபடி நின்றார். கடலுக்குப் போன மனுசனிடமிருந்து கிழமைக் கணக்கில் தகவல் இல்லை. அவர் எந்த அறிவித்தலை எதிர்பார்த்து ஓடி வந்தார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஹாஜியார் பாய்ந்து வந்து என் கையிலிருந்த மைக்கைப் பறித்தார். பதற்றத்தில் இருமி இருமிச் சொன்னார்: "இது மௌத்து அறிவித்தல் இல்ல. ஸ்கூல் பாடம். புள்ளைகள் எல்லாரும் அவங்க அவங்க வாசல்ல இருங்க."

அந்தத் தாய் அப்படியே மண்ணில் குந்திவிட்டார். பிள்ளை என்னைப் பார்த்தது. அதன் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்குப் பாடம் சொன்ன என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஹாஜியார் முதலில் இருமிவிட்டு அந்த மூன்று வசனத்தையும் சொல்வார், பிறகு மைக் என் கைக்கு வரும். கச்சான் காற்று மைக்கில் ஊளையிட்டதால் கதவையும் ஜன்னலையும் இறுக்கி மூடிவிட்டுத்தான் பாடம். உள்ளே நான், ஒரு மின்விசிறி, ஒரு குர்ஆன் அலுமாரி. சொல்வேன், நிறுத்துவேன், காத்திருப்பேன். பதில் வருகிறதா இல்லையா, ஒன்றும் தெரியாது. கயிறு இழுக்கும்போது பதில் வந்தால் கை உணரும். இங்கே கைக்கு ஒன்றும் தெரியவில்லை. நாட்கள் போகப் போக, சுவருக்குப் பாடம் எடுக்கிறோமோ என்ற எண்ணம் அரிக்கத் தொடங்கியது. அந்தப் பிள்ளையின் வாப்பா நல்லபடியாகக் கரை சேர்ந்துவிட்டார், தெற்கே காலித் துறைமுகத்தில் அவரைத் தனிமைப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. நிம்மதிதான். ஆனால் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளை இன்னொரு முறை வகுப்பில் காண்பேனா என்பது எனக்குத் தெரியவில்லை.

நோன்பின் கடைசிக் கிழமை. ஹாஜியார் அறிவித்தலைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் தொடங்கி இரண்டு எழுத்துத்தான் போயிருக்கும், மின்விசிறி மெதுவாகிச் சுற்றி நின்றது. கரண்ட் போய்விட்டது. பள்ளிவாசல் பற்றரி பழுதாகி நெடுநாள். இன்றைக்கு இவ்வளவுதான் என்று கதவைத் திறந்து, செருப்பைப் போடப் படிக்கு வந்தேன்.

காற்றும் அந்த நேரம் அடங்கியிருந்தது. ஊரே சத்தமில்லை. பக்கத்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ இருமினார்கள். வேண்டுமென்றே இருமிய இருமல். அப்படியே ஹாஜியாரின் இருமல், ஆனால் மெல்லிய குரல்.

"இது மௌத்து அறிவித்தல் இல்ல. ஸ்கூல் பாடம். புள்ளைகள் எல்லாரும் அவங்க அவங்க வாசல்ல இருங்க."

நான் ஒரு செருப்போடு நின்றேன்.

"ப" என்றது அந்தக் குரல். பிறகு நிறுத்தியது. நான் விடுகிற அதே இடைவெளி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்த வீட்டு வாசலில் இருந்து "படகு" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அதற்கும் அடுத்த வீட்டார் அதைக் கேட்டு "படகு" என்றார்கள். அவர்களிடமிருந்து அடுத்த ஒழுங்கைக்குப் போனது. மதிலுக்குள் இருக்கிற ஒரு சின்னப் பிள்ளையின் குரல் ஊர் முழுக்கக் கேட்காது. ஆனால் வாசலுக்கு வாசல் கைமாறி, தென்னந்தோப்பைத் தாண்டி, களப்போரக் குடிசைகள் வரைக்கும் "படகு" போய்ச் சேர்ந்ததை என் காதால் கேட்டேன். கடைசிப் பதில் எங்கேயோ தூரத்தில் அடங்கும் வரைக்கும் அந்தக் குரல் பொறுத்திருந்தது. பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போனது. பிள்ளைகள் மட்டுமில்லை, கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த பெண்களின் குரலும் கேட்டது, வலை பொத்திக்கொண்டிருந்த ஆண்களின் குரலும் கேட்டது. இத்தனை நாளும் மூடிய அறைக்குள் இருந்து நான் இழுத்த கயிற்றின் மறு நுனியில் ஒரு ஊரே நின்றிருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கண்ணும் கலங்கியது. ஹாஜியார் எப்போது பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியாது.

"அது ஆருட பிள்ளை ஹாஜியார்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "உங்கட புள்ளதான் சேர். கதைக்க மாட்டா எண்டு சொன்னீங்களே, அவதான். ஒவ்வொரு நாளும் என்னையக் கேலி பண்ணித்தான் தொடங்குறா. இருமல் சரியா ஈக்கிதா?"

நான் படியிலேயே இருந்துவிட்டேன். நான் கேட்ட அவளுடைய முதல் வசனம் அதுதான். அவளுடைய உம்மாவை மண்ணில் குந்த வைத்த அந்த நாளில் பயத்தை இறக்கி வைத்த வசனம். அதையே எடுத்து வைத்துக்கொண்டு, தன் வாயையும் அதை வைத்தே திறந்திருக்கிறாள்.

இடையில் கரண்ட் வந்தது. உள்ளே மைக் உறுமியது. "போய் முடிச்சிட்டு வாங்க" என்றார் ஹாஜியார். "இல்ல, அவ முடிக்கட்டும்" என்றேன். போய் மைக்கை மட்டும் அணைத்துவிட்டு வந்தேன். அவள் கடைசியில், "நாளைக்குச் சந்திப்பம், கையக் கழுவுங்கோ" என்று என் உடப்புப் பேச்சிலேயே முடித்தாள். பல வாசல்களில் சிரிப்புக் கேட்டது.

நோன்பு திறப்பதற்குச் சற்று முன் அவளுடைய உம்மா கஞ்சியோடு என் அறை வாசலுக்கு வந்தார். பின்னால் அவள். முதுகில் புத்தகப் பை.

"பாடம் தொடங்கினா இதப் போட்டிருவா சேர். முடிஞ்சாலும் கழட்டுறல்ல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "ஸ்கூல் எப்ப தொறப்பாங்க?"

"தெரியாது" என்றேன்.

"தொறந்தா மைக்கில சொல்லுங்க. கூட்டிட்டு வாறன்."

அவள் அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். பாடசாலை திறந்த பிறகும் வகுப்பில் அவள் குரல் வெளியே வர நாள் எடுத்தது. நான் அவசரப்படவில்லை. குரல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அது போதும்.

இப்போது எங்கள் வகுப்பில் சுவரளவு திரை இருக்கிறது. தொட்டால் எழுத்து பாடுகிறது, யானை நடக்கிறது. எனக்கும் அதில் ஆசைதான், நன்றாகப் பாவிக்கிறேன். ஆனால் நடுவில் அடிக்கடி நிறுத்திவிடுவேன். புதிதாக வந்த பிள்ளைகள் திரை பழுதாகிவிட்டதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அமைதியில், எந்த வாசலில் இருந்து எந்தக் குரல் எழும்பப் போகிறதோ என்று காத்து நிற்கும்போது, கரண்ட் போன அந்தப் பின்னேரத்தின் புல்லரிப்பு இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.