டூங்கபி வீட்டின் பதினேழு பத்திரங்கள்

வீடு வாங்க வருகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், பாத்ரூமைப் பார்ப்பார்கள். அந்த வீடு யாருடையது என்று காகிதத்தில் பார்ப்பது எங்கள் தொழில். சிட்னியின் மேற்குப் பக்கம், ஒரு கடைத்தெரு மாடியில் இருந்த சின்ன வக்கீல் ஆபீசில் மூன்று வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். பத்திரம் படித்துக் கண் கெட்டவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், நாம் ஒரே கட்சி.

ஒற்றைத் தாள்

இங்கே வீட்டுப் பத்திரம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு தாள். அரசாங்கப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தால் வீடு உங்களுடையது. அதற்கு முன் யார் வைத்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. நம் ஆட்களுக்கு இது தொண்டையில் இறங்காது. எங்கள் ஊரில் மூலப்பத்திரம் இல்லாமல் மாட்டுக்கொட்டகைகூடக் கைமாறாது.

2011-ல் சிவபாலன் அங்கிளும் ராணி அன்ரியும் வந்தார்கள். யாழ்ப்பாணப் பக்கம். பதினோரு வருடத்தில் ஆறு வாடகை வீடு மாறியவர்கள். டூங்கபியில் ஒரு பழைய பலகை வீடு பிடித்துப்போயிருந்தது. ஆனால் அந்த நிலம் பதிவேட்டுக்குள் வராத பழைய முறை நிலம்; ஒற்றைத் தாளுக்குப் பதிலாகப் பதினேழு பத்திரங்களின் நகல் வந்திருந்தது. அதைப் பார்த்தே முன்பு இரண்டு பேர் ஓடியிருந்தார்கள். அங்கிளோ அந்தப் பத்திரக் கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"இப்பதான் பிள்ளை, காணி வாங்கிற மாதிரிக் கிடக்கு."

மகளின் கிரேயான்

எல்லாம் சாய்ந்த கையெழுத்து. குறி வெட்டிய யூகலிப்டஸ் மரத்திலிருந்து ஓடை வரை என்று எல்லை போட்டிருந்தது. மரம் எப்போதோ போய்விட்டது, ஓடை குழாய்க்குள் ஓடுகிறது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு அந்த இங்கிலீஷில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நகல்களை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தரையில் பரப்பி, மூன்று வயது மகளின் கிரேயானால் ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு நிறம் என்று அடித்தேன். அவளும் தன் பங்குக்கு ஓடையில் ஒரு மீன் போட்டாள்.

பச்சைக்கும் ஊதாவுக்கும் நடுவே ஓட்டை தெரிந்தது. ஒரு பத்திரத்தில் கணவன் வாங்குகிறான்; அடுத்ததில் அவன் விதவை விற்கிறாள். நிலம் அவளுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு தாளும் இல்லை. மறுநாள் எங்கள் வக்கீலம்மா ஹெலனிடம் ஓடினேன். அவர் முதலில் மீனை ரசித்தார்.

"இது எண்பது வருடக் கதை. சட்டம் முப்பது வருடம்தான் திரும்பிப் பார்க்கும். அதற்கு மேல் பார்ப்பது உன் ஆசை."

இன்னும் ஒன்பது வருடம்

நல்ல செய்திதானே என்று அதை அப்படியே போய்ச் சொன்னேன். அங்கிள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஊரில் அவருடைய காணி ராணுவத்தின் கம்பிவேலிக்கு உள்ளே இருக்கிறது, அவர் வெளியே. இருபத்தொரு வருடமாகக் கிணற்றடியைக்கூடப் பார்க்க விடவில்லை. பத்திரத்தை, அவர்கள் பேச்சில் உறுதியை, மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நாடு நாடாகச் சுமந்திருக்கிறார். இதெல்லாம் ராணி அன்ரி சொல்லித்தான் தெரியும். அங்குள்ள சட்டம் வேறு, இங்குள்ளது வேறு என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து ஆகாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்றேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

"முப்பது வருசத்துக்கு மேல பாக்கத் தேவையில்லையெண்டால், இன்னும் ஒம்பது வருசத்தில என்ர காணி ஆருடையது?"

கட்டின் அடித்தாள்

புதன்கிழமை அங்கிள் தனியாக வந்தார். விடுபட்ட தாள் கிடக்கட்டும், ஆக முதல் தாளைக் காட்டு என்றார். கட்டின் அடியில் இருந்தது. இங்கிலாந்து அரசர் இன்ன ஆளுக்கு அறுபது ஏக்கர் வழங்குகிறார் என்று தமிழில் சொன்னேன். அரசர் ஆரிட்டை வாங்கினவர் என்று கேட்டார். தாளைத் திருப்பினேன், பின்பக்கம் வெறுமை. அந்த ஓடைக்கரையில் அதற்கு முன்பு இருந்த பூர்வகுடிகளின் பெயர் பதினேழில் ஒன்றிலும் இல்லை. அவரைக் கையெழுத்துப் போட வைப்பது என் வேலை. பேனா மூடியைக் கழற்றி நீட்டினேன்.

"என்னட்டை உறுதி கிடக்கு, காணி இல்லை. அவையளிட்டைக் காணி இருந்தது, உறுதி இல்லை. ரெண்டு பகுதியும் வேலிக்கு வெளியாலதான், என்ன?"

ரத்து முத்திரை

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். அங்கிளுக்கு ஒரே நிபந்தனை: இந்த விற்பனையோடு நிலம் பதிவேட்டில் ஏறி, பழைய பத்திரங்கள் ரத்தாகும்; அதற்குப் பிறகும் அந்தக் கட்டு தன்னிடம் வர வேண்டும். ரத்து முத்திரை குத்திய காகிதம் எதற்கு என்று ஹெலனுக்குப் புரியவில்லை. முதலில் இருந்தவர்கள் என்றைக்காவது வாசலுக்கு வந்து கேட்டால், மறைக்காமல் எடுத்துக் காட்ட வேண்டுமாம். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ராணி அன்ரி பேனாவை எடுத்தார். தன் பெயரை எழுதிவிட்டு, தாளை அங்கிள் பக்கம் தள்ளினார்.

"வந்தால் உள்ளுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி குடுப்பம், உறுதியையும் காட்டுவம். ஆனா நான் இனி வீடு மாறமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

அங்கிளும் போட்டார். யார் நிலம் என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டவர்களை மூன்று வருடம் பார்த்தேன், கேட்டுவிட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான், ஆனால் இரண்டு வகைக்கும் சாவி என்னவோ ஒரே மாதிரிதான் கொடுத்தோம்.