பாலத்தின் எந்தப் பக்கம்?

கண்டியில் வழிகாட்டி வேலை பார்ப்பவன், புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையை எல்லோருக்கும் காட்டிவிட்டு, தனக்குப் பிடித்த இடத்தை யாருக்கும் காட்ட முடியாமல் வீடு திரும்புகிறவன். பாதி ஆயுளை வெளிநாட்டில் கழித்துவிட்டுத் திரும்பிய எனக்குப் பிடித்தது, மகாவலி ஆற்றின் மேல் நிற்கும் பழைய இரும்புப் பாலம். உறவினர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டி அலுத்தவர்களுக்கு என் வேதனை விளங்கும்.

வால் இல்லாத குறை

லண்டன் தம்பதி ஒன்றைப் பாலத்தடியில் இறக்கி, "முன்பு இங்கே ஆணியே அடிக்காத முதிரை மரப் பாலம் இருந்தது, பிறகுதான் இரும்பு வந்தது" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கணவர் ஆர்வமாகக் கமராவை எடுத்தார். படம் பிடித்ததோ கரையில் வெயில் காய்ந்த பெரிய உடும்பை. எங்கள் வேன் சாரதி நஸீர் நானா காதோடு சொன்னார்: "பாலத்துக்கு வால் இல்லையே சேர், என்ன செய்ய?"

கோத்தகிரி அக்கா

பாலத்தையே பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்தவர் ராசம்மா அக்கா மட்டும்தான். தேயிலைத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையிலிருந்து பெற்றோரோடு கோத்தகிரிக்குப் போனவர். தங்கை செல்லம்மா சித்தப்பாவோடு இங்கேயே தங்கிவிட்டார். வழியனுப்ப லொறியில் வந்த தங்கை, பாலத்தடியில் இறங்கிக்கொண்டாராம். அதன்பிறகு இருவரும் நேரில் பார்த்ததில்லை. செல்லம்மா இப்போது புசல்லாவையில். அதே பாலத்தில் சந்திப்பதாகப் பேச்சு.

எனக்கோ, கடைசியில் ஒரு ரசிகை கிடைத்துவிட்டார் என்ற குஷி. முதிரை மரத்தில் தொடங்கினேன். அக்கா கையமர்த்தினார்: "தம்பி, மரமும் இரும்பும் இருக்கட்டும், அவ வந்துட்டாளான்னு பாருங்க."

இரண்டு கரை

பாலத்தைத் தாண்டி அக்கரையில்தான் அக்கா வேனை நிறுத்தச் சொன்னார். அங்கே யாருமில்லை. போன் எடுத்தால், "பாலத்துக்கிட்டதான் நிக்கிறேன்" என்கிறார் தங்கை. "நானும்தான் நிக்கிறேன்!" என்று கத்தினார் அக்கா. பிறகு குரல் இறங்கியது. "விட்டுட்டுப் போனவளைப் பார்க்க அவளுக்கு மனசில்ல, தம்பி."

"எதுக்கு அக்கா இந்தக் கரையில நிற்கிறீங்க?" என்று கேட்டேன். லொறி பாலத்தைக் கடந்து வளைவில் திரும்பும்போது, தங்கையைக் கடைசியாகப் பார்த்தது இங்கிருந்துதானாம். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தங்கை, எதிர்க்கரையில் தான் இறங்கிய இடத்தில் நிற்கிறார்!

அக்காவைப் பாலத்தில் ஏற்றினேன். எதிர்முனையிலிருந்து ஒரு கறுப்புக் குடை வேகவேகமாக வந்தது. நடுப்பாலத்தில் குடையைப் போட்டுவிட்டு, அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தங்கை சண்டை பிடித்தார்: "அன்னைக்கும் அந்தப் பக்கம்தான் போயி நின்ன. இன்னைக்காவது என் பக்கம் நிக்கக் கூடாதா?"

இப்போதெல்லாம் மரத்தையும் இரும்பையும் விட்டுவிட்டு, எந்தக் கரையில் நிற்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்பதை மட்டுமே பாலத்தின் வரலாறாகச் சொல்கிறேன், அதையும் பயணிகள் உடும்பைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.