ஜன்னலுக்கு முதுகு காட்டி எடுத்த படம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

அணுபுரம் குடியிருப்பில் தோட்ட வேலை செய்கிறேன். போன மாதம் ஒப்பந்தக்காரர் மாறினார். எல்லோருக்கும் புது கேட் பாஸ், வீட்டிலேயே படம் எடுத்து போனில் அனுப்புங்கள், பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றார்கள். மாதக் கடைசிக்குள் பாஸ் வராவிட்டால் கேட்டுக்குள் விடமாட்டார்கள். வேலை போய்விடும்.

படம் என்றாலே எனக்குக் கூச்சம். கல்யாணப் படத்தில்கூடத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மனைவி மீன் வாங்கப் போன சாயங்காலமாகப் பார்த்து, மேற்கு ஜன்னல் மேல் வெள்ளை வேட்டியைக் கட்டினேன். நல்ல காரியத்துக்குக் கிழக்கு பார்த்துத்தானே நிற்க வேண்டும்? வேட்டிக்கு முன்னால் கிழக்கு பார்த்து நின்று, எதிரே அரிசி டப்பா மேல் போனைச் சாய்த்துவைத்து எடுத்தேன்.

மறுநாள் ஆபீசிலிருந்து குரல் செய்தி வந்தது. நான் பார்த்திராத புது ஆள்.

“அண்ணாத்த, மூஞ்சி ஒரே கருப்பா கீது. வேற அனுப்பு.”

மூன்று முறை கேட்டேன். என் நிறத்தைச் சொல்கிறானா? விலாசத்தில் எங்கள் தெருவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறானா? கூட வேலை செய்யும் மாநிறக்காரர் படம் மட்டும் முதல் தடவையே சரியாகிவிட்டதே. என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்களோ?

அன்று சாயங்காலம் முகம் நிறையப் பவுடர் பூசி, அதே இடத்தில் நின்று, இன்னொன்று அனுப்பினேன்.

“இன்னும் கருப்புதான் அண்ணாத்த.”

இனி அனுப்புவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். அப்போது மனைவி உள்ளே வந்தாள்.

“இன்னாய்யா இது, பவுடரு, வேட்டி? எவளுக்கு போட்டோ அனுப்பிகினு கீற?”

“பாஸுக்கு.”

அவள் நம்பவில்லை. போனைப் பிடுங்கி, செய்தியைக் கேட்டாள், படத்தையும் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

“வெயிலுக்கு முதுக காட்டிகினு நின்னா மூஞ்சி எப்டி தெரியும்? பேய் மாதிரி கீது.”

“கெழக்க பாத்து நின்னாதான் நல்லது.”

“போட்டோ புடிக்கத்தான நின்ன? இன்னா, தாலியா கட்டப் போற?”

வேட்டியை அவிழ்த்து எதிர்ச் சுவரில் மாட்டினாள். பவுடரைத் துடைக்கச் சொன்னாள். நான் மேற்கே ஜன்னலைப் பார்த்து நின்றேன். டப்பாவை ஜன்னலோர அலமாரியில் ஏற்றியதும் போன் என் கண் உயரத்துக்கு வந்தது. “உன் மூஞ்சிய பாக்காத, மேல அந்தச் சின்ன ஓட்டைய பாரு” என்றாள். முன்பு வேட்டி வழியாக வந்த வெயில் இப்போது நேராக முகத்தில் விழுந்தது. படத்தில் நெற்றித் தழும்புகூடத் தெரிந்தது. நிறம் மட்டும் அதே நிறம்தான்.

“சூப்பரு அண்ணாத்த” என்று பதில் வந்தது. அதையும் மூன்று முறை கேட்டேன். கிண்டலோ?

பாஸ் வாங்கப் போனபோதுதான் அந்த ஆளை நேரில் பார்த்தேன். என்னைவிடக் கருப்பு. “வா அண்ணாத்த, போட்டோல கீற மாதிரியே கீற” என்று பாஸை நீட்டினான். திட்டுவதற்கு நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். கல்யாணப் படத்தில் போலவே தரையைப் பார்த்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

தை 12, திங்கட்கிழமை.