தலைப்பாகை இல்லை, சும்மாடு

நான் அஞ்சாவதோட படிப்பை விட்டவன். ஆனா தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரைக்கும் நான் எழுப்பின வீடுகளில் ஒண்ணுகூட ஒழுகினதில்லை. கொத்தனாராக் கரண்டி பிடிச்சு, மேஸ்திரியாகி, கான்ட்ராக்டர் ஆனவன். இதை யார்கிட்டயும் மறைச்சதில்லை. மறைச்சது வேற. பையனுக்குப் பெண் கேட்கப் போனப்ப, பேங்க் ஆபீசரான சம்பந்திகிட்ட, "என் வீட்டுக்காரி வெயில் படாம வாழ்ந்தவ, ஒரு நாள் வேலைக்குப் போனதில்லை"ன்னு அளந்துவிட்டேன். அவ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தா.

போன மாசம் அதே சம்பந்திதான் எங்க ரெண்டு பேரையும் செம்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனார். ரிட்டயர் ஆன டீச்சரம்மா ஒருத்தங்க தன் வீட்டு மாடி ஹாலையே ஊர் மியூசியமா ஆக்கி வெச்சிருக்காங்க. ஏரியில மீன் பிடிச்ச வலை, பழைய ரேஷன் கார்டு, பஸ் டிக்கெட்டு, சுவர் பூரா போட்டோ. நான் ஒவ்வொரு போட்டோகிட்டயும் நின்னு, "இந்தத் தெருவில மூணு வீடு நான் கட்டினது சம்பந்தி"ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன்.

அப்ப என் வீட்டுக்காரி ஒரு போட்டோ முன்னாடி நின்னு பக்குனு சிரிச்சா. பள்ளிக்கூடம் கட்டுற இடம். சாரத்துக்குக் கீழே, தலையில கலவைச் சட்டியோட ஒரு இளவயசுப் பொண்ணு. அடியில டீச்சரம்மா கையெழுத்து: 'தலைப்பாகை அணிந்த பெண்.'

"தலைப்பாகையாம்! நான் இன்னா மகாராஜாவா? சட்டி அழுத்தாம இருக்கத் துணியைச் சுருட்டி வெக்கிற சும்மாடு டீச்சர் அது!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிச்சுக்கிட்டா. சம்பந்தி போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சும்மா சொன்னேண்ணா. அது யாரோ"ன்னா.

என் பேச்சைக் காப்பாத்தத்தான் தன்னையே யாரோன்னு சொன்னா.

"இல்ல சம்பந்தி, இவதான். நான் கொத்தனாரா எழுப்பின சுவருக்கெல்லாம் கலவை தூக்கினவ இவ. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"எனக்கு அப்பவே தெரியுமே," சம்பந்தி சிரிச்சார். "எங்க வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, 'பூச்சுல மணல் ஜாஸ்தி'ன்னு என் சம்சாரத்துகிட்ட சொன்னது யாராம்? வெயில் படாத மகாராணிக்கு மணல் பக்குவம் எப்படித் தெரியும்?"

அவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்புல குலுங்கினா.

டீச்சரம்மா புது அட்டை எடுத்தாங்க. "என்னன்னு எழுதட்டும்மா?"

"சித்தாள்னு போடுங்க டீச்சர்," சொல்லிட்டு அவ மறுபடியும் போட்டோ பக்கம் திரும்பிட்டா.

"பேரையும் போடுங்க"ன்னேன் நான்.

"பேரு சொல்லுங்க சார்."

கல்யாணமான நாளிலிருந்து 'இந்தாம்மே'ன்னு கூப்பிட்டே பழகினவன் நான். தொண்டையைச் செருமிக்கிட்டு அவ பேரைச் சொன்னேன்.

நான் கூப்பிட்டதா நெனச்சு அவ திரும்பினா. "இன்னாங்க?"

டீச்சரம்மாவுக்குக் காதுல சரியா விழலைன்னு சாக்கு சொல்லி, இன்னொரு வாட்டியும் சொன்னேன்.