காரமடையில் என் மகள் டாக்டர்

போன வாரம் காரமடையில் ஒரு காதுகுத்து. என் மகள் மரகதத்தோடு போயிருந்தேன்.

மரகதம் கோயமுத்தூர் கோர்ட்டில் வக்கீல். பிள்ளை இல்லாதவர்களுக்குச் சட்டப்படி தத்து எடுத்துக் கொடுக்கிற கேஸ்தான் அவளுக்கு அதிகம். நான் மூணாவதோடு நின்றவள். அவளைக் கறுப்புக் கோட்டில் பார்த்தால் என் தலை தானாக நிமிர்ந்துவிடும். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

இந்தத் தொழிலில் ஒரு கூத்து உண்டு. நிலத்தகராறு வக்கீல் ஜெயித்தால் வீட்டுக்கு வாழைத்தாரே வரும். இவள் ஜெயித்தால்...? மறுநாளே கட்சிக்காரர்கள் இவளைக் கண்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நின்று பேசினால், பிள்ளை எப்படி வந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே.

அதனால் அவளுடைய கட்சிக்காரரான பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் காதுகுத்துப் பத்திரிகை அனுப்பியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினேன். நாலு பேர் என் மகளைப் பார்க்கட்டும்.

மண்டப வாசலிலேயே குழந்தையின் அம்மா சாந்தாமணி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இவங்கள பிரசவம் பார்த்த டாக்டருன்னு சொல்லிப்போட்டனுங்க. எங்க மாமியாருக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா, என்ற புள்ளைய ஊட்டுப் புள்ளையாவே சேர்க்க மாட்டாங்க."

பாவம், வயிற்றில் துணி கட்டிக்கொண்டு, ஏழாம் மாதக் கட்டுச்சோறு விருந்து வரைக்கும் உட்கார்ந்தவள். பிரசவத்துக்கென்று அம்மா வீட்டுக்குப் போய், கைக்குழந்தையோடு திரும்பியவள். கோர்ட் உத்தரவு போட்டால் அப்பா அம்மா கிடைப்பார்கள். பாட்டிக்கு எந்தக் கோர்ட்டில் மனு போடுவது?

ஆக, என் மகள் டாக்டர் ஆனாள். சும்மா விடுவார்களா? ஒரு பெரியவர் வேட்டியை ஏற்றி முட்டியைக் காட்டினார். மரகதம் ஜட்ஜ் முன்னால் நிற்கிற அதே முகத்தோடு பார்த்துவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். அவருக்குப் பரம திருப்தி. ஊசி போடாத டாக்டராம்.

எனக்கோ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'டாக்டர் இல்லை, வக்கீல்' — அவ்வளவுதான், சொல்லிவிட்டால் என் பட்டுச்சேலைக்கு ஒரு அர்த்தம் கிடைக்கும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துக் கொலுசுக் காலை ஆட்டியது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியது மாமியார்தான்.

பந்தியில் அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, உங்க மக நல்லா கேசு நடத்துவாங்களாமா?"

ரசம் எனக்குப் புரையேறிவிட்டது. டாக்டருங்க, என்றேன்.

"எங்க கெணத்துப் பங்குக் கேசுக்கு எத்தனை வருசமா கோர்ட்டுக்குப் போயிட்டிருக்கறேன். கறுப்புக் கோட்டு போட்ட டாக்டர நான் அங்க பார்த்ததில்லீங்க." குரலை இன்னும் தாழ்த்தினார். "ஒரு நாளு உங்க மக முன்னால போறாங்க. பின்னால என்ற மருமவ, தோள்ல புள்ள. எம்பையன் பால்புட்டியத் தூக்கிட்டு ஓடறான். நான் மரத்துக்குப் பின்னால நின்னுட்டனுங்க."

அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்யறது? பஸ்ஸேறி வந்து, தொட்டில் கட்டறதுக்கு நல்ல நூல்சேலையா ஒண்ணு தேடி எடுத்து வெச்சேன்."

அப்பளத்தை உடைத்தபடியே சொன்னார்: "எனக்குத் தெரியும்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாமுங்க. வயித்துல துணியக் கட்டிட்டு அந்த வெய்யில்ல எவ்வளவு பாடுபட்டா. அத்தனையும் வீணாப்போச்சேன்னு மனசு ஒடிஞ்சுபோயிருவா."

மருமகள் மாமியாரிடம் மறைக்கிறாள். மாமியார் மருமகளிடம் மறைக்கிறார். நடுவில் என் மகள் ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறாள்...

திரும்பும்போது பஸ்ஸில் மரகதம் கேட்டாள். "அந்தம்மா அவ்வளவு நேரம் என்னம்மா சொன்னாங்க?"

"முட்டிவலிக்கு மருந்து கேட்டாங்க கண்ணு. வெந்நீர் ஒத்தடம்னு சொல்லிட்டேன்."

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊர், பேர் எல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். பண்ணை கோழிப்பண்ணை இல்லை, காதுகுத்தும் காதுகுத்து இல்லை. அவர்களே படித்தாலும் வேறு யார் வீட்டுக் கதையோ என்றுதான் நினைப்பார்கள்.

வக்கீலைப் பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது?