இடது ஷூவில் இருந்த பொட்டு

அன்று சாயங்காலம் என் மகள் யாருடைய ஷூவில் வீட்டுக்கு நடந்து வந்தாள்? இந்த மழைக்காலம் முழுவதும் இதே கேள்வியோடுதான் சமைக்கிறேன், துணி மடிக்கிறேன், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். பதில் வரவில்லை.

மகள் இந்த ஜூனில்தான் எட்டாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்தாள். மலையாளம் பேசுகிற இந்த ஊரில், வலியசாலையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். நல்ல பள்ளி, கண்டிப்பான பள்ளி என்று எல்லோரும் சொன்னார்கள். கண்டிப்பு எதில் என்பது ஷூ வாங்கப் போனபோதுதான் புரிந்தது. கறுப்பு மட்டும். கயிறு கட்டுகிற மாதிரி. முனை உருண்டையாக இருக்க வேண்டும். பளபளப்பு கூடாது. பக்கிள் கூடாது, ஒட்டுகிற பட்டை கூடாது, தையல் நூலும் அடிப்பாகமும்கூடக் கறுப்பாகவே இருக்க வேண்டும்.

மகளுடைய வலது பாதம் நடக்கும்போது லேசாக உள்பக்கம் திரும்பும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வளர வளரச் சரியாகும் என்று டாக்டர் சொன்னார், முக்கால்வாசி சரியாகியும் விட்டது. வெளியாட்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் போடுகிற எந்தச் செருப்பானாலும் வலது குதிகாலில் வெளி ஓரம் மட்டும் சாய்வாகத் தேயும். தேய்ந்த செருப்புகளைக் குப்பையில் போடும் முன் ஒவ்வொரு முறையும் திருப்பிப் பார்ப்பேன், போன வருஷத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று.

அதனால் முதலில் மிருதுவான ஒரு ஷூவைத் தேடி வாங்கினேன். எல்லாம் கறுப்பு. அடியில் மட்டும் மெலிதாக ஒரு சாம்பல் கோடு. கோடு யார் கண்ணில் படப் போகிறது என்று நினைத்தேன். முதல் நாளே பள்ளி கேட்டில் நின்றவர் கண்ணில் பட்டது. ஷூவைக் கழற்றி ஆபீசில் வைத்துவிட்டு அன்று முழுவதும் வெறும் சாக்ஸோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள் மகள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லக்கூட இல்லை. துவைக்கப் போட்ட சாக்ஸின் அடிப்பக்கத்தைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"எல்லாரும் என் காலையே பாத்தா," என்றாள். "இனிமே யாரும் என் காலைப் பாக்கப்படாது."

மறுநாள் கிழக்கேகோட்டையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பள்ளியின் பெயரைக் கேட்டதுமே ஏணியில் ஏறி ஒரே ஒரு பெட்டியை எடுத்து வந்தார்.

"வேற மாடல் காட்டுங்களேன். இது ரொம்ப கட்டியா இருக்கே."

"வேற ஒண்ணும் அவங்க சம்மதிக்காது சேச்சி. மத்த ஸ்கூல்னா பிள்ளை காலுக்குத் தக்க ஷூ எடுக்கலாம். இந்த ஸ்கூலுக்கு ஷூவுக்குத் தக்க காலு வேணும்."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எங்கள் தமிழ் வீடுகளில் கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் உள்ளங்காலிலும் கண்மையால் திருஷ்டிப் பொட்டு வைப்பது வழக்கம். மகளுக்கு அந்த வலது உள்ளங்காலில்தான் எப்போதும் வைப்பேன். அன்று புது வலது ஷூவுக்குள் இருந்த மெத்தை அட்டையைக் கிளப்பி, அதற்கு அடியில் குதிகால் படும் இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். மேலே அட்டையை அமுக்கி விட்டால் சாக்ஸில் ஒட்டாது, யாருக்கும் தெரியாது. செருப்புக்குப் பொட்டு வைக்கலாமா, அபசாரமா என்றுகூட யோசித்தேன். பிறகு, உள்ளே தானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

என் கணவர் பார்த்துவிட்டார். "ஷூவுக்குப் பொட்டாக்கும்? நாளைக்கு மாலையும் போட்டு உக்காத்தி வைப்பியோ?"

"நீங்க பேசாம இருங்கோ. அவ காதுல விழப்போறது."

அந்த ஷூ அவளைக் கடித்தது. வலது குதிகாலில் கொப்புளம், உடைந்து மறுபடியும் கொப்புளம். பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். நனைந்து வருகிற ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காய வைத்தேன். அது இளகவே இல்லை. நின்றால் வலது குதிகாலை ஷூவிலிருந்து கொஞ்சம் வெளியே தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்பாள். காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கட்டிலில் போய்ப் படுத்துவிட்டாள். அப்போது நிஜமாகவே பயந்தேன். ஷூவால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்கடுத்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம், மழைக்கு நடுவே படியில் காலடி கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி வருகிற காலடி. யாரோ பக்கத்து வீட்டுக்கு வருகிறார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் மகள்.

"பசிக்கறதும்மா. என்ன இருக்கு?"

நொண்டவில்லை. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் வழக்கம்போலக் காய வைக்கக் கையில் எடுத்தேன். தொட்டதுமே தெரிந்தது, தோல் துணி மாதிரி இளகியிருந்தது. விரல் மடங்கும் இடத்தில் ஆழமான சுருக்கங்கள். கயிற்று நுனி பிரிந்திருந்தது. அதே கம்பெனி, அதே அளவு. ஆனால் குறைந்தது ஒரு வருஷமாவது போட்டு நடந்த ஷூ. திருப்பிப் பார்த்தேன். வலது குதிகாலில் வெளி ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது.

என் மகளின் தேய்மானம் அது. எனக்குத் தவறாது. ஆனால் அவளுக்கு இந்த ஷூ வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

வலது ஷூவின் மெத்தை அட்டையைக் கிளப்பினேன். ஒன்றும் இல்லை. வெறும் பழுப்புத் துணி. ஏனோ இடதையும் கிளப்பினேன். குதிகால் படும் இடத்தில், மைப்பொட்டு.

இரண்டு அட்டைகளையும் அமுக்கி மூடினேன். பிறகு மகளைக் கூப்பிட்டு, இன்று ஷூவை எங்காவது கழற்றினாயா என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் லாபுக்கு வெளில. எல்லாரும் கழட்டணும்."

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குமே, உன்னோடது எதுன்னு எப்படித் தெரியும்?"

"காலை விட்டாத் தெரியும்."

"இன்னிக்குத் தெரிஞ்சுதா?"

அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "இது என்னோடதுதாம்மா. இளகிடுத்து. நீதானே எண்ணெய் தடவினே?"

"உன் கிளாஸ்ல வேற தமிழ்க்குட்டி யாராவது இருக்காளா?"

"ஆரும் இல்லை. நான் மட்டும்தான்."

கணவர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாறியிருக்கும், கேட்டால் திரும்பி வந்துவிடும் என்றார். பொட்டைக் காட்டியபோது மட்டும் கேலி செய்யவில்லை. "நீ இடதில வெச்சு மறந்திருப்பே" என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். நான் வலதில்தான் வைத்தேன். இதை எழுதும்போதே, வலதில்தானா என்று சந்தேகம் வருகிறது. என் சுபாவம் அப்படி. கேஸை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவள் நான்.

மறுநாள் பள்ளிக்குப் போய் வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். அவர் அன்பாகத்தான் பேசினார். "ஷூ மாறிப் போச்சுன்னு ஆரும் கம்ப்ளெயின்ட் சொல்லலையே. உங்க மோளுக்கு சைஸ் சரிதானே? பின்னே எதுக்காக்கும் டென்ஷன்?" திரும்பும் வழியில் லாப் வராந்தாவைக் கடந்தேன். உள்ளே ஏதோ வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியே சுவரோரமாக வரிசையாகக் கறுப்பு ஷூக்கள், எல்லா முனைகளும் சுவரைப் பார்த்தபடி. ஒரு சத்தமும் இல்லை. அத்தனை குழந்தைகளும் சுவரைப் பார்த்து நிறுத்தப்பட்டிருப்பது போல இருந்தது. குனிந்து ஒவ்வொன்றாக இடது அட்டையைக் கிளப்பிப் பார்க்கத் தோன்றியது. பியூன் வந்ததால் நடந்துவிட்டேன்.

அதன்பிறகு மகளுக்கு வயிற்று வலி வரவில்லை. கூட்டுக்காரிகளாக இரண்டு மூன்று சிநேகிதிகள் கிடைத்தார்கள். பாட்டு ஹம் பண்ணிக்கொண்டே கயிறு கட்டினாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த இளகின ஷூ இங்கே என்றால், அந்தக் கட்டி ஷூ எங்கே? எந்தக் குழந்தையின் காலில்?

ஒருநாள் பள்ளி விடும் நேரத்துக்குக் கேட்டுக்கு எதிரே போய் நின்றேன். நல்ல மழை. பெல் அடித்ததும் குடைகளும் அவற்றுக்குக் கீழே கறுப்பு ஷூக்களுமாக வெளியே வந்தன. முகம் ஒன்றும் தெரியவில்லை. நான் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு ஜோடி கால், வலது பாதம் லேசாக உள்பக்கம் திரும்பியபடி, என்னைத் தாண்டிப் போயிற்று. மகள்தான் என்று நினைத்துப் பின்னால் நடந்தேன். வீட்டுப் பக்கம் திரும்பாமல் கோட்டை பஸ் ஸ்டாண்டை நோக்கிப் போனாள். எங்கே போகிறாள் இவள்?

"குட்டீ!" என்று கூப்பிட்டேன். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அவள் நின்றாள். திரும்பவில்லை. அம்மாவின் குரல் கேட்ட பிள்ளை நிற்பது போல நின்றாள். நிற்கும்போது வலது குதிகாலை ஷூவிலிருந்து மெதுவாக வெளியே தூக்கினாள். வெள்ளை சாக்ஸில் குதிகால் பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது.

"அம்மா!" பின்னாலிருந்து குரல். "என்னைத் தாண்டிப் போய் யாரைக் கூப்பிடறே?"

திரும்பினேன். என் மகள் தன் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். மறுபடியும் முன்னால் பார்த்தபோது அவள் இல்லை; ஓரமாக நின்ற ஒரு பஸ்ஸின் கதவு மூடியிருந்தது. எந்த ஊர் பஸ் என்று போர்டைப் படிப்பதற்குள் மழை அதை மறைத்துவிட்டது.

நடந்து வரும் வழியில் மகளிடம் சொன்னேன். "அந்தக் குட்டியோட ஷூவாக்கும் இது. நாளைக்கு லாப்ல எல்லாரையும் கேளு. மாத்திக்கோ."

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள். "அந்த ஷூ திரும்பி வந்தா நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன். சொல்லிட்டேன்."

நான் வற்புறுத்தவில்லை. கூசாமல் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஷூவிலிருந்து செய்தித்தாளை எடுக்கும்போது இடது அட்டையைக் கிளப்பினேன். முந்தின நாள்வரை ஈரத்தில் கரைந்து பழுப்பாகப் பரவியிருந்த அந்தப் பொட்டு, இப்போது ஓரம் பிசகாமல் வட்டமாக, கறுப்பாக இருந்தது. தொட்டேன். விரலில் மை ஒட்டியது. என் மை டப்பா பீரோவில் இருக்கிறது, பீரோச் சாவி என்னிடம் இருக்கிறது. நான் வைக்கலை என்று கணவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மகளுக்கு அட்டைக்கு அடியில் பொட்டு இருப்பதே தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சிவந்த குதிகாலுக்கு வேறு ஒன்றும் செய்ய எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பிளாஸ்திரிகளை எடுத்து அந்தப் பொட்டின் மேல் வைத்து அட்டையை மூடி மகளை அனுப்பினேன். சாயங்காலம் கிளப்பினேன். பிளாஸ்திரி இல்லை. பொட்டு இருந்தது.

மகள் கண்டுபிடித்து யாருக்காவது கொடுத்திருக்கலாம். வழியில் விழுந்திருக்கலாம். கேட்டால், "என்ன பிளாஸ்திரி?" என்கிறாள். அதிலிருந்து தினமும் வைக்கிறேன். தினமும் காணாமல் போகிறது.

இதைப் படிக்கிறவர்களில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் எனக்கு ஒரு யோசனை சொல்ல வேண்டும். வேறு மாதிரி ஷூவை அந்தப் பள்ளி அனுமதிக்காது. புதிதாக வாங்கினாலும் அதே கட்டி ஷூதான், அதை யாரோ ஒரு குழந்தையின் கால்தான் இளக்க வேண்டும். என் மகளைக் கட்டாயப்படுத்தி இதைத் திருப்பிக் கொடுக்க வைத்தால் அவள் மறுபடி கட்டிலில் போய்ப் படுத்துவிடுவாளோ என்று பயம். கொடுக்காவிட்டால் அந்தச் சிவந்த சாக்ஸ் கண்ணைவிட்டுப் போகவில்லை. பெற்றோர் குரூப்பில் போடலாமா? போட்டால், பொட்டைப் பற்றிச் சொல்லாமல் எப்படிப் போடுவது? மறுபடியும் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கலாமா, நின்றால் அந்தக் குழந்தை திரும்பிப் பார்க்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

இடது ஷூவில் பொட்டு வைக்கிற அம்மா ஒருத்தி இதைப் படித்தால், மற்ற எல்லோருக்கும் முன்னால் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பெண்ணுக்குக் கால் ஆறிவிட்டதா? நான் என்ன செய்யட்டும்?